சாமி கும்பிடுறான் டாக்டர்!

கொஞ்சம் நீளமான திரெட் இது. வீட்டில் ஒரு வயதுக்குள் குழந்தை இருப்பவர்கள், அக்கா தங்கச்சி வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள் கடைசி வரைக்கும் பொறுமையா படிச்சிடுங்க.

முதல்லயே ஒன்று சொல்லிடறேன். நான் நரம்பியல் நிபுணர் இல்லை. குழந்தை மருத்துவரும் இல்லை. எம்பிபிஎஸ் முடித்துவிட்டு தஞ்சாவூர்ப் பக்கம் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் சாதாரண டியூட்டி டாக்டர். பெருசா எதையோ கண்டுபிடிச்ச கதையை எழுத வரல. நான் கோட்டை விட்ட ஒரு கதையைத்தான் எழுதப் போறேன்.

(அந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க டாக்டர், இன்னொரு புள்ளைக்கு ஆகட்டும்" என்றார்.)

சில வருஷங்களுக்கு முன்னாடி டெல்டாவில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். சம்பா நடவு நேரம். அந்த சீசனில் ஓபி எப்படி இருக்கும்னு எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும். சேத்துப்புண், சளி காய்ச்சல், நாய்க்கடி, பிபி சுகர் மாத்திரை வாங்க வந்த பெருசுங்க. காலையில் உட்கார்ந்தா மதியம் வரைக்கும் தலை நிமிர முடியாது.

அந்தக் கூட்டத்தில் ஏழு மாசப் பையனைத் தூக்கிக்கிட்டு ஒரு அம்மா வந்தாங்க. கூடவே மாமியார். கால்ல சேறு காயல. நடவை விட்டுட்டு அப்படியே வந்திருக்காங்க.

"தூங்கி எந்திரிச்சா ஒடம்ப ஒரு மாதிரி குறுக்குறான் டாக்டர். தலை பொசுக்கு பொசுக்குன்னு முன்னாடி போவுது. கை ரெண்டும் விரிஞ்சு விரிஞ்சு மடங்குது. முடிஞ்சதும் வீல்னு அழுவுறான்."

மாமியார் குறுக்கே வந்தாங்க.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். சாமி கும்பிடுறான். இவங்க தாத்தா மாதிரி வருவான் பாருங்க. இவதான் சும்மா பயந்துக்கிட்டுக் கெடக்குறா. உரம் விழுந்திருக்குமோன்னு உரமும் எடுத்தாச்சு."

குழந்தையைப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. வயிறு மெத்துன்னு இருந்தது. எடை பரவாயில்லை. என் முன்னாடி ஒரு தடவை கூட அந்த மாதிரி செய்யல. அமைதியா கெடந்தான். ரொம்ப அமைதியா கெடந்தான்னு இப்போ தோணுது. அப்போ தோணல.

"பால் குடிக்கிறப்ப காத்து உள்ள போவுதும்மா. தோள்ல போட்டு முதுகைத் தட்டிக் குடுங்க" என்று சொட்டு மருந்து எழுதினேன்.

அந்த அம்மா எழுந்திருக்கல.

"போன்ல எடுத்து வச்சிருக்கேன் டாக்டர். அவங்க அப்பாவுக்கு சிங்கப்பூருக்கு அனுப்புறதுக்காக எடுத்தது. ஒரு தடவ பாக்குறீங்களா?"

"வேணாம்மா, பயப்படாதீங்க. அடுத்தது யாருப்பா?"

இதுதான் நான் செய்த தப்பு. அந்த வீடியோ ஒரு நிமிஷம் கூட இல்லை.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு புதன்கிழமை. தடுப்பூசி நாள். ஒன்பதாம் மாச தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கு அதே குழந்தை வந்திருந்தான். கிராம சுகாதார செவிலியர் அவனை ஊசிக்கு முன்னாடி என்கிட்ட தூக்கிட்டு வந்தாங்க.

"சார், மூணரை மாசத்து ஊசிக்கு வந்தப்ப என்னைப் பார்த்து பொக்கை வாயைத் தொறந்து சிரிச்சான். இன்னிக்கு முகத்தையே பாக்க மாட்டேங்குறான். கழுத்து கூட சரியா நிக்கல. இந்த வீடியோவை ஒரு தடவ பாருங்க."

பார்த்தேன்.

அப்பாயி மடியில் உட்கார்ந்திருக்கிறான். தலையும் உடம்பும் சட்டென்று முன்னால் மடங்குது, ரெண்டு கையும் விரிஞ்சு உள்ளே வருது. ஒரு நொடி, ரெண்டு நொடி. நிக்குது. அஞ்சாறு செகண்ட் கழிச்சு மறுபடி. மறுபடி. பின்னாடி அப்பாயி சிரிக்கிற சத்தம். "சாமி கும்பிடு தங்கம், சாமி கும்பிடு." அந்த வீடியோ முடியறதுக்குள் ஆறு தடவை எண்ணினேன். கடைசியில் குழந்தை முகம் கோணி அழுவுது.

எம்பிபிஎஸ் கடைசி வருஷம் குழந்தை மருத்துவப் பரீட்சையில் இதைக் கேள்வியாகப் பார்த்திருக்கேன். விடையும் எழுதியிருக்கேன். நல்ல மார்க்கும் வாங்கினேன். ஆனால் அந்த நோய் சேத்துக் காலோட வந்த மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தப்போ எனக்கு அடையாளம் தெரியல.

அது பேர் இன்ஃபன்டைல் ஸ்பாசம். கைக்குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை வலிப்பு. இந்த வலிப்பும், மூளை அலைகளில் ஒரு தனி மாற்றமும், வளர்ச்சி பின்தங்குவதும் சேர்ந்து வந்தால் வெஸ்ட் சிண்ட்ரோம் என்போம். அந்தப் பெயருக்குப் பின்னாடி ஒரு அப்பாவோட கதை இருக்கு. சொல்றேன்.

1841ஆம் வருஷம். இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் என்ற ஊரில் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்று ஒரு டாக்டர். அவர் 'லான்செட்' என்ற மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். நோயாளி வேற யாருமில்லை, அவரோட சொந்த மகன்.

நாலு மாசம் வரைக்கும் நல்லா இருந்த பிள்ளை. அப்புறம் தலை லேசா முன்னால் குனிய ஆரம்பிக்குது. போகப்போக அடுக்கடுக்கா, ஒரு தடவைக்குப் பத்து, இருபது முறை. சிரிப்பு போச்சு. ஆளைப் பார்க்கிறது போச்சு. டாக்டரான அப்பா தனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் செஞ்சு பார்க்கிறார். அட்டை விட்டுப் பார்க்கிறார், தலைக்குக் குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கிறார், பேதி மருந்து, அபின் மருந்து. எதுவும் கேக்கல. லண்டனுக்குத் தூக்கிட்டுப் போய்ப் பெரிய டாக்டர்களைப் பார்க்கிறார். அவர்களில் ஒருத்தர் இதே மாதிரி சில குழந்தைகளைப் பார்த்திருந்தார். குனிஞ்சு சலாம் போடுற மாதிரி இருக்கிறதால் அவர் இதை 'சலாம்' வலிப்பு என்று அழைத்தார்.

சலாம்!

லண்டன் டாக்டர் 'சலாம்'னு சொன்னார். எங்க ஊர் அப்பாயி 'சாமி கும்பிடுறான்'னு சொல்லுச்சு. ரெண்டு பேரும் பார்த்தது ஒரே விஷயம். அப்பாயி கண்ணு சரியாத்தான் பார்த்திருக்கு. அது நோய்னு சொல்ல வேண்டியது என் வேலை. நான் சொல்லல.

வெஸ்ட் அந்தக் கடிதத்தை எழுதினதே வேற டாக்டர் யாருக்காவது வழி தெரிஞ்சா சொல்லட்டும்னுதான். அவர் மகன் இருந்த வரைக்கும் வழி வரல. இருபது வயசில் அந்தப் பையன் இறந்துபோனான். பெல்ஜியத்தில் ஏசிடிஎச் என்ற ஹார்மோன் ஊசியால் இந்த வலிப்பு நிற்குதுன்னு டாக்டர்கள் எழுதினது 1958ல். கடிதத்துக்கும் மருந்துக்கும் நடுவில் 117 வருஷம்.

இன்னிக்கு நமக்கு அந்த 117 வருஷக் காத்திருப்பு இல்லை. ஏசிடிஎச் ஊசி இருக்கு. அதிக டோஸ் பிரெட்னிசோலோன் மாத்திரை இருக்கு. விகாபட்ரின் இருக்கு. 2004ல் அதே லான்செட்டில் வந்த பிரிட்டன் ஆய்வில் 107 குழந்தைகளுக்கு சிகிச்சை கொடுத்துப் பார்த்தாங்க. ஹார்மோன் சிகிச்சை எடுத்தவர்களில் 73 சதவீதம் பேருக்கும், விகாபட்ரின் எடுத்தவர்களில் 54 சதவீதம் பேருக்கும் ரெண்டு வாரத்துக்குள் அந்த வலிப்பு நின்றிருந்தது.

பிரெட்னிசோலோன் ஒண்ணும் அபூர்வமான மருந்து இல்லை. இளைப்புக்கு, அலர்ஜிக்கு நாங்க தினமும் எழுதற சாதாரண மாத்திரை. நான் சொட்டு மருந்து எழுதின அன்னிக்கு எங்க பார்மசி அலமாரியிலேயே அது இருந்தது. அதை நினைச்சா இப்பவும் வயித்தைப் பிசையுது.

(அவசரப்பட்டு யாரும் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கொடுத்துடாதீங்க. இது ஸ்டீராய்டு. பிபி, சுகர், இன்ஃபெக்ஷன் எல்லாம் பார்த்து, நிபுணர் கண்காணிப்பில் மட்டும்தான் கொடுக்கணும். திடீர்னு நிறுத்தவும் கூடாது.)

சரி, அந்தக் குழந்தை என்ன ஆனான்?

அன்னிக்கே தஞ்சாவூருக்கு அனுப்பினேன். ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு. பிரசவம்னாலும் குழந்தைக்கு முடியலைன்னாலும் டெல்டா சனம் முதல்ல நினைக்கிற பெரியாஸ்பத்திரி அதுதான். ஈஈஜி எடுத்தாங்க. தலையில் ஒயரை ஒட்டி மூளையோட மின் அலையைப் பார்க்கிற டெஸ்ட். வலிக்காது, ஷாக்கும் அடிக்காது. சாதாரணமா ஒழுங்கா ஓட வேண்டிய அலை, உயரமும் தாழ்வுமா கன்னாபின்னான்னு கிறுக்கி வச்ச மாதிரி இருந்தது. ஹிப்ஸ்அரித்மியா என்பார்கள். இந்த நோயோட கையெழுத்து அது.

அடுத்து காரணம் தேடினாங்க. எம்ஆர்ஐ நார்மல். ரத்தப் பரிசோதனை நார்மல். பிரசவத்தில் சிக்கல் இல்லை, பிறந்ததும் நல்லா அழுதிருக்கான். தோலில் வெள்ளைத் திட்டு எதுவும் இல்லை. கடைசியா ஃபைலில் எழுதினது: காரணம் தெரியவில்லை.

ஸ்டீராய்டு ஆரம்பிச்சு பத்தாவது நாள் அந்த 'சாமி கும்பிடுறது' நின்னுடுச்சு. ஊர்ல எல்லாரும் "மருந்து புள்ளைய ஊத வச்சிடுச்சு"ன்னு சொன்னாங்க. முகம் உப்பத்தான் செய்யும், பசி எடுக்கும், சிடுசிடுன்னு இருப்பான். மருந்தைக் குறைச்சதும் அது வத்திடும்.

ஆனால் இந்த 'காரணம் தெரியவில்லை' இருக்கே, அதுதான் வத்தல.

பெற்றோர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமா படிங்க.

டாக்டர் "காரணம் தெரியலை" என்று சொன்னால் அந்த வெற்றிடம் ரொம்ப நேரம் வெற்றிடமா இருக்காது. வீடு அதை நிரப்பிடும். எப்பவும் அம்மாவை வச்சுத்தான் நிரப்பும்.

"மாசமா இருக்கறப்ப கிரகணத்தன்னிக்கு அருவாமணையில காய் நறுக்குனா." "எழவு வீட்டுக்குப் போனா." "எங்க வம்சத்துல யாருக்கும் இப்படிக் கெடையாது, அவங்க பக்கத்துலதான்." "ராத்திரி பூரா போனைப் பாத்துக்கிட்டே பால் குடுத்தா."

அந்த அம்மா இத்தனையும் கேட்டிருக்காங்க. கேட்டுக்கேட்டு நம்பவும் ஆரம்பிச்சிட்டாங்க. கர்ப்பமா இருக்கும்போது திருக்கருகாவூர் போய் வேண்டிக்கிட்டு வந்தவங்க. வேண்டுதலில் எங்கே குறை வச்சோம்னு யோசிச்சு யோசிச்சு ஒரு வேளை சாப்பாட்டை விட்டுட்டாங்க. பால் கொடுக்கிற தாய்!

அதனால் 'காரணம் தெரியலை'ன்னா என்ன அர்த்தம்னு தெளிவா சொல்றேன்.

இந்த வகை வலிப்புக்கும் வளர்ச்சி தாமதத்துக்கும் நூத்துக்கணக்கான காரணங்கள் உண்டு. நம்ம நாட்டில் அதிகம் பார்க்கிறது ரெண்டு. பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைவது ஒன்று. பிறந்த முதல் சில நாளில் பால் சரியா குடிக்காமல் ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கிப்போவது இன்னொன்று. பச்சைக் குழந்தை "நல்லா தூங்குது, தொந்தரவே இல்ல"ன்னு பாலுக்குக் கூட எழுப்பாம விடாதீங்க. சீம்பாலைப் பீச்சி ஊத்திட்டு சர்க்கரைத் தண்ணி, கழுதைப்பால் கொடுக்காதீங்க. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், அப்புறம் ரெண்டு மூணு மணிக்கு ஒரு தடவையாவது தாய்ப்பால். அஞ்சாறு மாசம் கழிச்சு வரக்கூடிய வலிப்பில் ஒரு பங்கை நம்மால் அங்கேயே தடுக்க முடியும்.

சில குழந்தைகளுக்கு மூளை உருவாகும்போதே அமைப்பில் மாற்றம். சிலருக்கு டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய். அவங்க தோலில் இலை மாதிரி வெள்ளைத் திட்டு இருக்கும். வீட்டில் தேமல்னு விட்டுடுவாங்க. அந்தக் குழந்தைகளுக்கு விகாபட்ரின் நல்லா வேலை செய்யும். ரொம்பச் சிலருக்கு பி6, பயோட்டின் மாதிரி சாதாரண விட்டமின்களை உடம்பு சரியா பயன்படுத்தாத குறைபாடு. காரணத்தைக் கண்டுபிடிச்சு அந்த விட்டமினையே கொடுத்தால் வலிப்பு நிற்கும். காரணத்தைத் தேடுறது இதுக்காகத்தான், பழி போட ஆள் தேடுறதுக்கு இல்லை.

மீதி இருக்கிற குழந்தைகளுக்கு எல்லா டெஸ்டும் நார்மல் என்றே வரும். பலருக்கு மரபணுவில் ஏதோ ஒரு எழுத்து மாறியிருக்கலாம். அதில் நிறைய, அப்பா அம்மா யாரிடமும் இல்லாமல் குழந்தையிடம் மட்டும் புதுசா வந்த மாற்றம். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணத்தில் ரெண்டு பேரிடமும் ஒளிஞ்சிருந்த மாற்றம் ஒண்ணா சேர்ந்து வர்ற வாய்ப்பு கூடும். அடுத்த குழந்தைக்கு முன்னாடி மரபணு ஆலோசனை கேட்டுக்கிறது நல்லது. ஆனால் அதிலும் குற்றவாளின்னு யாரும் கிடையாது.

கிரகணம் காரணம் இல்லை. அருவாமணை காரணம் இல்லை. எழவு வீடு காரணம் இல்லை. நீங்க காரணம் இல்லை.

இன்னொரு விஷயமும் இருக்கு. காரணம் தெரியலைங்கிறதை எல்லாரும் கெட்ட செய்தின்னு நினைக்கிறாங்க. இந்த நோயில் அது தலைகீழ். காரணம் எதுவும் அகப்படாத குழந்தைகள்தான், சீக்கிரம் சிகிச்சை ஆரம்பிச்சா நல்லா தேறி வர வாய்ப்பு அதிகம் உள்ளவங்க.

'சீக்கிரம்'. அந்த வார்த்தையில்தான் நான் மாட்டிக்கிறேன்.

டெல்டாக்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது ஈசி. நாத்து வயசு தாண்டினப்புறம் நட்டா சரியா தூர் கட்டாது. ஒரு வயசுக்குள் மூளை வளர்ற வேகம் அப்புறம் எப்பவும் கிடையாது. அந்த நேரத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை மின்னல் அடிச்சுக்கிட்டே இருந்தா அது எப்படித் தூர் கட்டும்? அதுக்காக முத்தின நாத்தை வரப்பில் தூக்கிப் போட்டுடுவோமா? மாட்டோம். நெருக்கி நடுவோம், எரு கூட்டிப் போடுவோம். தாமதமா வந்த குழந்தைக்கும் அப்படித்தான். சிகிச்சை உண்டு, பயிற்சி உண்டு. ஆனால் பருவத்தில் நட்டதுக்கு அது ஈடாகாது.

ஸ்டீராய்டு முடிஞ்சு அவங்க எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தப்போ ஓபி முடியற வரைக்கும் இருக்கச் சொன்னேன். மாமியாரும் கூட இருந்தாங்க. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நேராவே சொல்லிட்டேன்.

"அன்னிக்கு நீங்க வீடியோ காட்டுறேன்னு சொன்னீங்கம்மா. நான் பாக்கல. பாத்திருந்தா ரெண்டு மாசம் முன்னாடியே தஞ்சாவூருக்கு அனுப்பியிருப்பேன். தப்பு என்னோடது."

கத்துவாங்கன்னு நினைச்சேன். கத்தியிருந்தா நியாயம்தான். கொஞ்ச நேரம் குழந்தையோட காலைத் தடவிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க.

"அப்ப நான் பாத்தது சரிதானே டாக்டர்?"

"சரிதாம்மா. யாருமே கவனிக்காததை நீங்க மட்டும்தான் கவனிச்சீங்க."

மாமியார் பக்கம் திரும்பினாங்க. "கேட்டுக்கிட்டீங்களா அத்தை?"

அவ்ளோதான். வேற ஒண்ணும் சொல்லல.

அந்த மாமியாரை வில்லியா நினைச்சிடாதீங்க. அடுத்த வருஷம் நடவுக்கே போகாம, வாரத்தில் மூணு நாள் பேரனை இடுப்பில் வச்சுக்கிட்டு பஸ் மாறி பிசியோதெரபிக்குத் தூக்கிட்டுப் போனது அவங்கதான்.

இப்போ உங்களுக்குத் தேவையான விஷயங்கள். சேவ் பண்ணி வச்சுக்குங்க.

எப்படி இருந்தால் சந்தேகப்படணும்?

மூணு மாசத்திலிருந்து ஒரு வயசுக்குள் உள்ள குழந்தை. தலை, உடம்பு சட்டென்று முன்னால் மடங்குவது அல்லது விறைப்பது. கைகள் விரிஞ்சு மடங்குவது. ஒவ்வொன்றும் ஓரிரு நொடிதான். ஆனால் சில நொடி இடைவெளியில் தொடர்ந்து, சரம் சரமா வரும். முக்கியமா தூங்கி எழுந்த உடனே. சில குழந்தைகளுக்கு வெறும் தலையாட்டலோ, கண் மேலே போவதோ மட்டும் இருக்கும். கூடவே சிரிப்பு குறையும், முகம் பார்ப்பது குறையும்.

பச்சைக் குழந்தை சத்தம் கேட்டுத் திடுக்கிடுவது வேற. அது சத்தத்துக்கு ஒரு தடவை வரும், நாலு முதல் ஆறு மாசத்துக்குள் மறையும். வயித்து வலி அழுகை வேற. அது இப்படி எண்ணி வச்ச மாதிரி விட்டு விட்டு வராது. சந்தேகம் இருந்தால் நீங்களே முடிவு பண்ணாதீங்க. காட்டிடுங்க.

வீடியோ எப்படி எடுக்கணும்?

முகம் மட்டும் இல்லாமல் முழு உடம்பும் தெரியணும். போர்வையை எடுத்துடுங்க. வெளிச்சம் வேணும். ஒரு சரம் முழுசா, ஒரு நிமிஷமாவது எடுங்க. அந்த நேரம் குழந்தையை அசைக்க வேணாம். தேதி, நேரம், எத்தனை தடவைன்னு ஒரு பேப்பரில் குறிச்சுக்குங்க. டாக்டர் முன்னாடி குழந்தை அதைச் செய்ய மாட்டான். உங்க போன்தான் சாட்சி. டாக்டர் பார்க்க மாட்டேன்னு சொன்னா இன்னொரு தடவை கேளுங்க. அப்பவும் பார்க்கலைன்னா வேற டாக்டரைப் பாருங்க. எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

கை கால் வெட்டி வெட்டி இழுக்கிற பெரிய வலிப்பு வந்தால்?

ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. சட்டையைத் தளர்த்துங்க. வாயில் ஸ்பூன், துணி, தண்ணி எதுவும் வேணாம். கையில் சாவிக்கொத்து கொடுக்க வேணாம், இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தம் இல்லை. சூடு போடுறது கொடுமை, அதைச் செய்யாதீங்க. கடிகாரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினாலோ, முதல் தடவையா வந்திருந்தாலோ, உடனே 108.

காய்ச்சலோட வர்ற வலிப்பு தனி. ஆறு மாசத்திலிருந்து அஞ்சு வயசு வரைக்கும் நிறைய குழந்தைகளுக்கு வரும், பெரும்பாலும் வளர்ச்சியைப் பாதிக்காது. ஆனாலும் முதல் தடவை டாக்டரிடம் காட்டாம இருக்காதீங்க.

வளர்ச்சி சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

ரெண்டு மாசத்தில் முகம் பார்த்துச் சிரிக்கணும். நாலு மாசத்தில் கழுத்து நிற்கணும். ஒன்பது மாசத்தில் பிடிக்காம உட்காரணும். ஒன்றரை வயசில் நடக்கணும், சில வார்த்தையாவது பேசணும். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்", "இவங்க அப்பனும் இப்படித்தான்" என்று வருஷத்தை ஓட்டாதீங்க. செஞ்சுக்கிட்டிருந்ததைக் குழந்தை நிறுத்திட்டா, அது இன்னும் அவசரம்.

எங்கே போகணும்?

உங்க ஊர் கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி, இவங்ககிட்ட ஆரம்பிங்க. 2013லிருந்து ஆர்பிஎஸ்கே என்ற திட்டம் இருக்கு. அந்த மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து 18 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கும். அவங்க அனுப்புற பிள்ளைகளுக்காகவே மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டுச் சிகிச்சை மையம் இருக்கு. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, கண், காது பரிசோதனை எல்லாம் ஒரே இடத்தில், இலவசமா. நான் சொன்ன மாதிரி சரம் சரமா வர்ற வலிப்புன்னா இந்தப் படி ஒவ்வொண்ணா ஏற வேணாம், நேரா மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போயிடுங்க.

வலிப்பு மருந்தை ஒரு வேளை கூட விடாதீங்க. "நின்னுடுச்சே"ன்னு நீங்களா நிறுத்தாதீங்க. தீரப்போகும் பாட்டிலைத் தூக்கிக் காட்டி நாலு நாள் முன்னாடியே வாங்கிக்குங்க. அறுவடை, திருவிழான்னு மறந்துபோய் மருந்து விட்டுத்தான் நிறைய குழந்தைகள் ராத்திரியில் ஆம்புலன்ஸில் வருது.

மாற்றுத் திறனாளி அடையாள அட்டை வாங்கத் தயங்காதீங்க. "அட்டை வாங்கிட்டா புள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி" என்று பல அப்பாக்கள் சொல்றாங்க. அட்டை இருந்தால் பஸ் சலுகை உண்டு. தகுதி உள்ள குழந்தைகளுக்குத் தமிழ்நாடு அரசின் மாத பராமரிப்பு உதவித்தொகை உண்டு, 2023லிருந்து அது 2000 ரூபாய். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்கு நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் உண்டு. இது உங்க பிள்ளைக்குச் சட்டப்படி சேர வேண்டியது.

வீட்டில் இருப்பவங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த அம்மாவை ராத்திரி ஒரு நாலு மணி நேரம் தூங்க விடுங்க. குழந்தையை ஒருத்தர் வாங்கிக்குங்க. புன்னைநல்லூர் மாரியம்மனுக்கு மாவிளக்கு போடுங்க, வைத்தீஸ்வரன் கோவிலுக்குப் போங்க, நான் வேணாம்னு சொல்லல. போகும்போது மருந்து பாட்டிலைப் பையில் வச்சுக்குங்க. கோவிலுக்குப் போகணும்னு ஈஈஜி தேதியைத் தள்ளிப்போடாதீங்க.

அந்தப் பையனுக்கு இப்போ அஞ்சு வயசு முடிஞ்சிருச்சு. மூணு வயசில் நடந்தான். பத்துப் பதினஞ்சு வார்த்தை பேசுறான். ஒரு மருந்து இன்னும் ஓடுது. அங்கன்வாடிக்குப் போறான், மத்த பிள்ளைங்களோட உட்கார்ந்து முட்டை சாப்பிடுறான். ரெண்டு மாசம் முன்னாடி ஆரம்பிச்சிருந்தா இன்னும் எவ்வளவு பேசியிருப்பான்னு என்னால் சொல்ல முடியாது. உலகத்தில் எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியலைங்கிறதால என் கணக்கு தீர்ந்துடாது.

போன பொங்கலுக்கு அந்த அம்மா ஒரு வீடியோ அனுப்பியிருந்தாங்க. வாசலில் பானை. அப்பா சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருக்கார். அப்பாயி பேரன் கையை ரெண்டையும் பிடிச்சு சேர்த்து வச்சு "சாமி கும்பிடு தங்கம்"னு சொல்லுது. அவன் கையை உதறிட்டு, தானா ஒரு தடவை சேர்த்துக் கும்பிட்டான். ஒரே ஒரு தடவைதான். அப்புறம் கரும்பைப் பார்த்து ஓடிட்டான்.

ரெண்டு நிமிஷ வீடியோ. கடைசி வரைக்கும் பார்த்தேன்.

இப்போதெல்லாம் ஓபியில் எந்த அம்மா போனை நீட்டினாலும் பேனாவைக் கீழே வச்சிட்டு முழுசா பார்க்கிறேன். வரிசையில் நிக்கிறவங்க சத்தம் போடுவாங்க. போடட்டும்.

இந்தப் பதிவைக் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு அனுப்பி வைங்க.